முன்பிரேக்கும் ஊர் செட்டிங்கும்

போன மாதம் சாந்தகுமார் போன் செய்தார். பெங்களூர் அடுகோடி சர்வீஸ் சென்டரில் பதினெட்டு வருடம் என் பக்கத்து மேடையில் ஸ்பேனர் பிடித்தவர். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"வேலு, ட்ரையல் வேலையையே எடுத்துட்டாங்கப்பா. புது வண்டிங்க எல்லாம் ஏபிஎஸ். கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தா போதுமாம். ரோட்டுக்கு எடுத்துனு போவத் தேவ இல்லியாம்."

"நல்லதுதானே," என்றேன்.

"நல்லதுதான். ஆனா நம்ம மெக்கானிக் சங்கத்து மலருக்கு நீ பிரேக் பத்தி எழுதணும். இருக்கற பசங்க கேக்கறாங்க. கவித கிவித வேணாம். வண்டி நிக்கற மாதிரி எழுது."

நிற்கிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். எனக்கு எப்போதும் வராத காரியம் அது. ஐம்பத்து மூன்று வயதிலும் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்கிவிடுகிறது. வலது மணிக்கட்டு என்னை முந்திக்கொண்டு ஓய்வு கேட்டதால் போன வருடம் வேலையை விட்டேன். ஆனாலும் விடியற்காலையில் விழிப்பு வரும்போது அந்தக் கையின் விரல்கள், அங்கே இல்லாத ஒரு லீவரைத் தேடி மெல்ல மடங்குகின்றன. மடங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தங்கவயலில் ஐ.டி.ஐ., ஒக்கலிபுரத்தில் ஒரு பட்டறை, மூன்று வருடம் மண்ணெண்ணெயில் பாகம் கழுவியது, கை வெந்தது, பிறகு அடுகோடி. அவ்வளவுதான். அடுகோடியில் எனக்குக் கிடைத்த வேலைக்குப் பெயர் ட்ரையல். சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு வண்டியையும் வெளியே எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்து, நிறுத்திப் பார்த்து, ஜாப் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து விழாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது.

அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன் நான். பொன் எடுத்த பிறகு அரைத்துக் கொட்டிய மண் அங்கே மேடு மேடாக நிற்கும். சயனைடு மேடு என்போம். காற்றடி காலத்தில் அந்த மேடு எழுந்து ஊருக்குள் நடந்து வரும். கொடியில் காயும் சட்டையில் ஏறும், குழம்பில் இறங்கும், தார் ரோட்டின் மேல் மாவு சலித்தாற்போல் படிந்து கிடக்கும். அந்த மாவின் மேல் முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டி ஒருக்களித்துப் படுக்கும். ஆள் தாடையால் ரோட்டை அளப்பான். எங்கள் லைனில் நான்கு பேருக்கு முன்பல் கிடையாது. நான்கும் முன்பிரேக் தின்ற பல்.

ஆகவே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. முன்பிரேக்கைத் தொடக் கூடாது. கை தவறித் தொட்டாலும் அது பிடித்துவிடக் கூடாது. புது வண்டி வீட்டுக்கு வந்த அன்றே, மாலை போட்ட கையோடு, முன்சக்கரத்தருகே பிரேக் கேபிள் முடிகிற இடத்திலுள்ள நட்டைக் கடைசி மரை வரைக்கும் தளர்த்திவிடுவார்கள். அப்புறம் லீவரை இழுத்தால் அது முழுசாக வந்து ஹேண்டிலில் முட்டும். சக்கரத்துக்குச் செய்தியே போகாது. இதற்கு 'ஊர் செட்டிங்' என்று பெயர்.

சுரங்கம் மூடியது. ஊர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்தது. மணல் அங்கேயே நின்றுகொண்டது. ஊர் செட்டிங் எங்களோடு ரயிலேறிவிட்டது.

அடுகோடியில் எனக்கு மேலே இருந்தவர் ரேணுகா மேடம், ஒர்க்ஸ் மேனேஜர். தும்கூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட நான்கு வயது இளையவர். பட்டறையில் கற்ற தமிழைக் கன்னடத்தில் நனைத்துப் பேசுவார். காதில் பென்சில். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் கேட்ட கேள்வியையே இன்னும் மெதுவாக மறுபடி கேட்பார். அதற்குத்தான் பயப்படுவோம்.

முதல் நாள் ஜாப் கார்டின் பிரேக் கட்டத்தில் நான் 'ஓகே' என்று எழுதிக் கொடுத்தேன். கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஓகே எழுத பேடா, வேணாம், வேலு அவரே. ஓகே எங்கே நிக்கும்? வண்டி எங்கே நின்னுச்சு, அஷ்டே, அது மட்டும் எழுதுங்க."

வண்டி எங்கே நின்றது என்பதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். உள்ளே உரசினால் இறுக்கம் அதிகம். லீவரை இரண்டு விரலால் இழுக்க வேண்டும். கொஞ்ச தூரம் சும்மா வரும், பிறகு பிடிக்கும். சும்மா வருகிற தூரம் ஒரு விரல் தடிமனைத் தாண்டக் கூடாது. பிறகு பட்டறைக்குப் பின்னால் உள்ள முட்டுச் சந்து. நேரான தார். பாதி வழியில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தை நாற்பது வேகத்தில் தொடும்போது பிரேக். முதல் தடவை கால் மட்டும், பின்பிரேக். இரண்டாம் தடவை கை மட்டும், முன்பிரேக். மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்து. நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு. மரத்திலிருந்து கோடு வரைக்கும் நடந்து எத்தனை எட்டு என்று எண்ண வேண்டும்.

கால் மட்டும் என்றால் இருபது எட்டுக்கு மேல் போகும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வாத்து வாலைப்போல் ஆடும். கை மட்டும் என்றால் பதினைந்து, பதினாறு. இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு. காய்ந்த ரோட்டில், நேராகப் போகும் வண்டிக்கு.

முதல் தடவை கை மட்டும் பிடிக்கச் சொன்னபோது என் நாக்கு தானாக முன்பல்லைத் தடவிப் பார்த்தது. "மேடம், முன்னாடி புடிச்சா தூக்கி அடிக்கும்," என்றேன்.

"பஸ்ல நிக்கறீங்க. டிரைவர் பிரேக் போட்டா எந்தப் பக்கம் விழறீங்க?"

"முன்னாடி."

"வண்டியும் ஹாகே, அதே மாதிரி. வெயிட்டு எல்லாம் முன்சக்கரத்து மேலே வந்து உக்காருது. பின்சக்கரத்துல ஏனும் இல்லை, காலி. காலியா இருக்கறத புடிச்சு என்ன பிரயோஜனம்?"

"மணல் இருந்தா, மேடம்?"

"மணல் இருந்தா மெதுவா போங்க, கையை லேசா வைங்க. வளைவுலயும் ஹாகே. இங்கே மணல் எங்கே இருக்கு, காட்டுங்க."

குனிந்து தாரைத் தடவிப் பார்த்தேன், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "டக்குனு புடிக்க பேடா. வாஷிங்ல ஸ்பாஞ்ச் பிழியறாங்க அல்லவா, அந்த மாதிரி," என்றார். ஈர ஸ்பாஞ்சைப் பிழிவதுபோல் பிழிந்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மெல்லக் குனிந்தது, குனியக் குனிய இன்னும் பிழிந்தேன், வண்டி என் கைக்குள் வந்து நின்றது. பதினாறு எட்டு. ஒரு பெரிய மிருகம் தலையைத் தாழ்த்தி உள்ளங்கையில் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்தச் சந்தில் தேவையில்லாமல் எத்தனை தடவை நிறுத்தினேன் என்று எனக்கே கணக்கில்லை.

இவ்வளவும் கற்றவன் ஊர் செட்டிங்கை விட்டிருக்க வேண்டும். என் வண்டியில் விட்டேன். மற்றவர் வண்டியில் விடவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் என்னிடம்தான் சர்வீஸுக்கு வருவார்கள். மேடம் சொன்ன முறைப்படி சோதித்து, பன்னிரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கொடுப்பேன். அங்கே வைத்து, ஸ்பேனரைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, அரை நிமிடத்தில் நட்டைத் தளர்த்தியும் கொடுப்பேன். கேட்டுக்கு உள்ளே ஒரு வேலு, வெளியே ஒரு வேலு. எப்படியும் இவர்கள் முன்பிரேக்கைத் தொடப்போவதில்லை, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

ஆரோக்கியம் அண்ணன் அப்படி வருகிறவர்களில் ஒருவர். எங்கள் லைனில் மூன்றாவது வீடு. இப்போது தொம்மலூரில் குடும்பம், ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. முன்னும் பின்னும் டிரம் பிரேக் வைத்த நூறு சிசி வண்டி வைத்திருந்தார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்தார்.

"வேலு, எல்லாம் நல்லா பண்ணியா?"

"பன்னண்டு எட்டுல நிக்குதுண்ணே."

"எட்டும் வேணாம் கிட்டும் வேணாம். முன்னாடி ஊர் செட்டிங் போட்டு உடு. இனிமே வூட்ல ஜெசியும் ஓட்டப்போறா. பொண்ணு கை, தெரியாம புடிச்சுட்டான்னா?"

ஜெசிந்தா அவர் மகள். வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து வரும் வேலை ஒரு லேபில் கிடைத்திருந்தது. பைக்கும் லைசென்ஸும் இருந்தால்தான் வேலை நிரந்தரம். அவளை ஓட்டக் கூடாதென்று சொல்லாத அப்பா என்று எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. அந்த மதிப்போடு குனிந்து நட்டைக் கடைசி மரைக்குக் கொண்டுபோனேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஜெசி ஊர்க்காரர் யாரிடமும் வண்டி கற்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிக் கற்றாள். அங்கே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒன்பது நாள் மெதுவாகவே போய் வந்திருக்கிறாள். பத்தாம் நாள் காலை, தொம்மலூர் மேம்பால இறக்கத்தில், முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. கால்பிரேக்கை அமுக்கினாள், கைபிரேக்கையும் இழுத்தாள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கோணலாக இழுத்துக்கொண்டு போய் வேனின் பின்கதவில் மோதியது. வலது காறையெலும்பு முறிந்தது, வலது மணிக்கட்டில் விரிசல். ரத்த மாதிரிகள் இருந்த பெட்டியை விடாமல் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாளாம்.

இரண்டு நாள் கழித்து வண்டி எங்கள் சென்டருக்கு வந்தது. ஆரோக்கியம் அண்ணன்தான் மினி டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தார். ரேணுகா மேடம் வளைந்த ஃபோர்க்கைப் பார்க்கவில்லை, உடைந்த விளக்கைப் பார்க்கவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்தருகே அந்த நட்டைப் பார்த்தார். நட்டுக்கு மேலே மரை பளபளவென்று சுத்தமாக இருந்தது. அதுவரை நட்டு மூடி வைத்திருந்த இடம். சமீபத்தில் யாரோ இறக்கியிருக்கிறார்கள் என்று அந்தப் பளபளப்பே சொன்னது.

"இது யாரு லூஸ் மாடிது?"

என் வாய் திறக்கும் முன்னால் ஆரோக்கியம் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தான் மேடம். வூட்ல வச்சு நானே பண்ணேன்."

"எந்த ஸ்பேனர்?"

அண்ணன் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "பதினாறு," என்றார்.

பதினாறாம் நம்பர் ஸ்பேனரை அந்த நட்டில் போட்டால் வளையல் மாதிரி சுற்றும். மேடம் சிரிக்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்தார், ஏதும் எழுதாமல் திரும்ப வைத்துக்கொண்டார். அண்ணனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். பிறகு என் ஜாப் கார்டை எடுத்துவரச் சொன்னார்.

"பன்னெண்டு எழுதியிருக்கீங்க."

"ஆமா, மேடம்."

"வண்டி எங்கே நின்னுச்சு?"

இன்னும் மெதுவாக மறுபடி கேட்டார். "வண்டி எங்கே நின்னுச்சு, வேலு அவரே?"

எல்லாவற்றையும் சொன்னேன். மணல், பல், ஊர் செட்டிங், கேட்டுக்கு வெளியே அரை நிமிடம். எத்தனை வண்டி என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். மூன்று மாதம் ட்ரையல் கிடையாது, வாஷிங்கில் நில்லுங்கள் என்றார். அதுவரை எல்லா வண்டியையும் தானே எடுத்துப்போய்ச் சோதித்தார். ஸ்பாஞ்சும் கையுமாக நான் தலை குனிந்து போகும்போது கூப்பிட்டார்.

"எனக்குச் சொல்லிட்டீங்க. ஓட்டுன பொண்ணுக்கு?"

அதற்குப் பதின்மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். எங்கும் நிற்கத் தெரியாத கால் தொம்மலூர்ப் பக்கம் மட்டும் போகவில்லை. இதற்குள் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று அண்ணன் போனில் சொல்லித்தான் தெரியும். ஜெசிக்குப் பிரேக் பிடிக்கத் தெரியவில்லை, பயத்தில் கை வரவில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வண்டி ரிப்பேராகி வீட்டுக்கு வந்துவிட்டது. ஃபோர்க்கையும் விளக்கையும் மாற்றினார்கள், முன்பிரேக்கை மேடம் சரியாக வைத்து அனுப்பினார், அண்ணன் அன்றைக்கே வழியில் யாரையோ பிடித்து மறுபடி தளர்த்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை வாங்க ஓர் ஆள் வருகிறார். வண்டி போனால் லேப் வேலையும் போகும்.

அந்த ஞாயிறு மதியம் போனேன். சர்ச் முடிந்து வந்த உறவுக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள். ஜெசி வலது கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். அவளுடைய தாய்மாமன் சூசை பேசிக்கொண்டிருந்தார்.

"பொம்பளப் பசங்களுக்கு ஸ்கூட்டியே ஜாஸ்தி. பைக்கு இன்னாத்துக்கு? கால்ல ஒண்ணு கைல ஒண்ணுன்னு புடிக்கறதுக்குள்ள வேன் வந்துடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"ஜெசி, அன்னிக்கு நீ கைபிரேக் புடிச்சியா?"

"புடிச்சேன்னுதான் நெனச்சேன், சித்தப்பா. எல்லாரும் இல்லன்றாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது."

"நீ புடிச்ச. அங்க பிரேக்கே இல்ல. அந்த சனிக்கிழம கேட்டாண்ட நான்தான் லூஸ் பண்ணி உட்டேன்."

ஆரோக்கியம் அண்ணன் எழுந்தார். "டேய் வேலு, நான்தானடா கேட்டேன். நீ இன்னாத்துக்கு…"

"நீங்க கேட்டீங்க. பண்ணது நான். பன்னண்டுன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

ஜெசி அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்தாள்.

"லீவரு முழுசா வந்து ஹேண்டில்ல இடிச்சுது சித்தப்பா. டக்குனு சத்தம் கூட கேட்டுது. ஆஸ்பத்திரில அப்பாகிட்ட சொன்னேன். மயக்கத்துல உளற்றேன்னாரு."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"மாமா," என்று சூசையைக் கூப்பிட்டாள். "உங்க வண்டி முன்பிரேக்கு புடிக்குமா?"

"அத தொட்டு பத்து வருசம் ஆவுது. அது எதுக்கு நமக்கு?"

"அத்தைய, கொழந்தய எல்லாம் அதுலதான உக்கார வச்சினு போறீங்க? வாங்க, கீழ போலாம்."

அவள் முன்னால் இறங்கினாள். யாரோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். சந்தில் ஐந்து வண்டிகள் நின்றிருந்தன. அவற்றில் மூன்றை நானே ஒரு காலத்தில் தளர்த்திக் கொடுத்திருக்கிறேன். சூசை தன் வண்டி லீவரைப் பிடித்தார். அது ஹேண்டிலில் போய் முட்டியது. டக். அடுத்தவர் பிடித்தார். டக். ஐந்திலும் அதே சத்தம். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்தேன். ஜெசி நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வண்டியாக, வலது ஹேண்டில் அவள் பக்கம் வருகிற மாதிரி தள்ளி நிறுத்தினார்கள். நான் நட்டை இறுக்குவேன். சூசை முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி உரசுகிறதா என்று காது வைத்துக் கேட்பார். ஜெசி இடது கையை நீட்டி லீவரைப் பிழிந்து பார்ப்பாள்.

"இன்னும்," என்பாள். இன்னும் இரண்டு சுற்று.

"இன்னும் கொஞ்சம்."

பிடித்ததும் கையை எடுத்து, "அடுத்தது," என்பாள். சூசை மட்டும் ஒருதடவை முனகினார்: "டாக்டரம்மா கணக்கா பண்றாடா." முனகிக்கொண்டே அடுத்த வண்டியைத் தள்ளிவந்தார். கடைசியாக நின்றது ஆரோக்கியம் அண்ணனின் வண்டி. அண்ணன் அதைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். லீவரை மகள் தொடும் முன்னால் தான் தொட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம். பிடித்ததும் கையைச் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார். பிறகு திரும்ப வைத்து மெதுவாக இழுத்தார்.

"புடிக்குது," என்றார். "நல்லா புடிக்குது ஜெசி."

அப்போதுதான் வண்டியை வாங்க வேண்டிய ஆள் சந்து முனையில் வந்தார். அவரும் தங்கவயல்தான், தன் சொந்த பைக்கில் வந்தார். நாங்கள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒரு காலைத் தரையில் உரசி உரசி நிறுத்தினார்.

"வண்டி ரெடியாண்ணே?"

ஆரோக்கியம் அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வந்தவருடைய முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விக்கறதுக்கு இல்லப்பா. அது ஜெசி வண்டி," என்றார் அண்ணன். "ஆனா இவ்ளோ தூரம் வந்துட்ட. உன்னுத இப்படித் தள்ளினு வா."

ஒன்றும் புரியாமல் அவர் தள்ளிக்கொண்டு வந்தார். ஜெசி கையை நீட்டினாள். டக் என்று சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கப் போனவன், மறுபடி தரையில் உட்கார்ந்தேன்.